அரிசி மாவில் எழுதிய தோம்பு



தொழிலால் நான் ஒரு கணக்காளன். பகலில் பேரேடும் ஐந்தொகையும், மாலையில் ஒலிவாங்கி. வணிகமாணிப் பட்டத்துக்கும் வானொலிக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். எனக்கும் நெடுநாளாக விடை தெரியாமல்தான் இருந்தது. சில வருடங்களுக்கு முன் சார்ஜாவில் ஒரு வீட்டுத் தரையில் தூவப்பட்ட அரிசி மாதான் அந்தத் தொடர்பை எனக்குக் காட்டியது. அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் வரலாறு பேசவேண்டும்.

தோம்பு என்ற சொல்லை எங்கள் மூத்தவர்கள் அறிவார்கள். போர்த்துக்கேயரோடு வந்த சொல் அது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும் தோம்பு எழுதினார்கள். காணிக்கு ஒரு தோம்பு, ஆட்களுக்கு ஒரு தோம்பு. எந்தக் காணி, யாருடையது, எல்லை எது, அதிலிருந்து அரசுக்கு என்ன வரவேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரு கணக்காளனின் கண்ணுக்கு அது வரி வாங்குபவன் எழுதிய பேரேடு. கிணற்றடியில் யார் யார் கூடிக் கதைத்தார்கள், பின்வளவு வேலியில் எந்தப் பொட்டு வழியாகப் பிள்ளைகள் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள் என்பது அதில் இராது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன் இந்தச் சொல்லை எடுத்துத் திருப்பிப் போட்டார். 2011இல் வெளிவந்த அவருடைய நூலின் ஆங்கிலத் தலைப்புக்கு ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்று பொருள். போரினால் வீட்டை இழந்து இடம்பெயர்ந்த 80 பேரிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: உங்கள் வீட்டின் படத்தைக் கீறித் தாருங்கள். அவர்கள் கீறினார்கள். அந்தக் கைக்கீறலோடு கட்டடக்கலை முறையில் திருத்தி வரைந்த படம், அவர்கள் சொன்ன நினைவுகள், ஓவியரின் சொந்தச் சித்திரம் என்று ஒவ்வொரு வீடும் ஒரு காணிக் கோப்புப் போல நூலில் அடுக்கப்பட்டிருக்கிறது. உறுதியும் இல்லை, வீடும் இல்லை, பதிவு மட்டும் இருக்கிறது. பதிவாளர் அரசாங்கம் அல்ல, வீட்டுக்காரர்.

அந்தப் பக்கங்களைப் புரட்டியபோது எனக்கு உறைத்தது வேறொரு விசயம். நான் ஒலிவாங்கியை நீட்டி “உங்கள் இடப்பெயர்வைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டபோதெல்லாம் எங்கள் பெரியவர்கள் பத்திரிகைச் செய்தி போலத்தான் பேசினார்கள். “பிரச்சினை வந்தது, வெளிக்கிட்டோம், கஷ்டப்பட்டோம்.” அவ்வளவுதான். வளைகுடாவில் அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கனடாவிலோ பிரான்சிலோ போல இங்கே எவரும் அகதியாக வந்து இறங்குவதில்லை. ஐக்கிய அரபு இராச்சியம் 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. நாங்கள் எல்லோரும் வேலை விசாவில் வந்தவர்கள். அகதி விண்ணப்பத்துக்காக ஒரு அதிகாரிக்கு முன்னால் கதையைச் சொல்லும் தேவையே எங்களில் பலருக்கு வரவில்லை. சொல்லாத கதை அப்படியே உள்ளே தங்கிவிட்டது.

கையை வேலையில் வைத்துக்கொண்டு கதை சொல்வது புதுமையான காரியம் அல்ல. நாங்கள் வாழும் இந்த மண்ணிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. பதவிப் பெண்களின் ‘சது’ நெசவைப் பாலைவன விழாக்களில் பார்த்திருப்பீர்கள். கறுப்பு, வெள்ளை, சிவப்பு, மண்ணிறக் கோடுகளோடு கூடாரத் துணி, ஒட்டகச் சேணம் எல்லாம் அதில் நெய்வார்கள். ஆண்கள் ஆட்டு ரோமமும் ஒட்டக ரோமமும் கத்தரித்துக் கொடுக்க, பெண்கள் சிறு சிறு குழுவாகக் கூடி இருந்து நூல் நூற்று நெய்வார்கள். எங்கள் வீட்டு மஞ்சளும் மருதாணியும் அவர்களுடைய சாயத்திலும் உண்டு. நெய்யும்போதுதான் குடும்பச் செய்திகள் பரிமாறப்படும், கவிதை சொல்லப்படும். எண்ணெய் வளத்தோடு வாழ்க்கை மாறியபோது தறியடியில் கூடுவதும் குறைந்தது. 2011இல் யுனெஸ்கோ சதுவை அவசரமாகப் பாதுகாக்கவேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. நெசவு போனால் துணி மட்டும் போவதில்லை, அந்த வட்டத்தில் சொல்லப்பட்ட கதைகளும் போகும்.

எங்கள் ஊரிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. மட்டக்களப்பில் 1996இல் ‘வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா’ தொடங்கியது. யேசு சபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடிய ஓவியர் போல் ஹோகனும் அதில் முன்னின்றார்கள். போரைக் கண்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒரே தோட்டத்தில் களிமண் பிசைந்தார்கள், வர்ணம் தீட்டினார்கள், தாங்களே செய்த உருவங்களை வைத்துக் கதை கட்டினார்கள். நேரே கேட்டால் வாய் திறக்காத பிள்ளை, களிமண் யானையைப் பேசவைக்கும்.

அபிவிருத்தித் துறையிலும் இதே பாடம் உண்டு. 1988 அளவில் இந்தியக் கிராமங்களில் தொண்டு நிறுவனங்கள் மக்களையே நிலத்தில் கோலப்பொடி, விதை, கல் கொண்டு தங்கள் ஊரின் வரைபடத்தைப் போடச் செய்தன. பிரித்தானிய அறிஞர் றொபேட் சேம்பர்ஸ் அந்த முறையை உலகறியச் செய்தார். தடியை மற்றவர் கையில் கொடுத்துவிடு என்பது அவர் அடிக்கடி வற்புறுத்திய விதி. கதிரையில் இருந்து பேசும் கூட்டத்தில் குரல் பெரியவர் வெல்வார். தரையில் படம் போட்டால் குனியக்கூடிய எவருக்கும் இடம் உண்டு.

இனி சார்ஜா வீட்டுக்கு வருகிறேன்.

ஏழெட்டுக் குடும்பங்கள் கூடியிருந்தோம். பழைய யன்னல் சீலையைத் தரையில் விரித்து அரிசி மா, பருப்பு, தீக்குச்சி, போத்தல் மூடி, நூற்பந்து, புளியங்கொட்டை எல்லாம் நடுவில் வைத்தோம். ஒலிவாங்கி பைக்குள் இருந்தது. வண்ணார்பண்ணையைச் சேர்ந்த எழுபது வயது தாண்டிய அன்ரி ஒருவர் முதலில் சிரித்து மறுத்தார். “எனக்கென்ன கீறத் தெரியும்?” பிறகு பேத்தி தலைவாசலைப் பிழையான பக்கத்தில் வைத்தாள். பொறுக்க முடியாமல் அன்ரி இறங்கி உட்கார்ந்துவிட்டார். படலை, விறாந்தை, குசினி, கிணறு, துலா. ஒவ்வொரு தீக்குச்சிக்கும் ஒரு கதை. 1995 ஒக்ரோபர் 30 இரவு மழையில் வெளிக்கிட்டபோது பூட்டிய கதவு எது, திறந்தபடி விட்டது எது என்றுகூடச் சொன்னார். இதற்கு முன் நான் அவரை இரண்டு முறை பேட்டி கண்டிருக்கிறேன். கதவைப் பற்றி ஒரு சொல் வரவில்லை.

சீலையின் மற்ற மூலையில் சோனகத் தெருவைச் சேர்ந்த அக்கா ஒருவர் சத்தமில்லாமல் தன் வீட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். புத்தளத்தில் வளர்ந்து, மணமுடித்து இங்கு வந்தவர். அவருடைய தேதியும் ஒக்ரோபர் 30தான். ஆனால் ஆண்டு 1990. அன்று யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். அந்த மாதத்தில் வடக்கு முழுவதிலும் இருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் அப்படி வெளியேற்றப்பட்டார்கள். அக்காவுக்கு அப்போது பதினொரு வயது. வீட்டுக்கு முன்னால் ஒரு போத்தல் மூடியை வைத்து, “இது வாப்பாட துணிக்கடை” என்றார்.

அன்ரி நிமிர்ந்து பார்த்தார். “மூலைக் கடையோ? என்ர கலியாணத்துக்குத் துணி எடுத்தது அங்கதான்.”

யாரோ ஒரு பிள்ளை நூற்பந்தை எடுத்து இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒழுங்கையைப் போட்டது. நூல் ஒரு முழம்கூட இல்லை. அப்போது அன்ரியின் பேத்தி கேட்டாள்: “அம்மம்மா, இவ்வளவு கிட்டவா? அவையள் போகேக்க நீங்கள் காணேல்லையோ?”

அறையில் ஒருவரும் பேசவில்லை. அன்ரி கையிலிருந்த தீக்குச்சியைத் தன் வீட்டுப் படலையில் குறுக்கே வைத்தார். “கண்டனாங்கள் பிள்ளை. படலையைச் சாத்திப்போட்டு உள்ளுக்க இருந்தனாங்கள். பயம்.” சற்றுப் பொறுத்து, “ஐஞ்சு வருசத்தால நாங்களும் அதே தேதியில வெளிக்கிட்டம்” என்றார்.

சோனகத் தெரு அக்கா பதில் சொல்லவில்லை. புளியங்கொட்டைகளைத் தன் வீட்டுக்குள் ஒவ்வொன்றாக வைத்து எண்ணினார். வாப்பா, உம்மா, மூத்தம்மா, தம்பிமார். பிறகு அன்ரிக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அது மன்னிப்பு என்று நான் எழுதமாட்டேன். எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் வானொலியில் பல வருடங்களாக இந்த இரண்டு தேதிகளையும் தனித்தனி நிகழ்ச்சியாக, தனித்தனி நேயர்களுக்குச் செய்துவந்தோம். கணக்குப் படித்தவன் நான். வரவும் செலவும் இரு பக்கத்திலும் எழுதினால்தான் அது கணக்கு என்று முதலாம் வகுப்பிலேயே சொல்லித்தந்தார்கள். வீட்டுக் கணக்கில் அதை நான் மறந்திருந்தேன். அதன் பிறகு ஒக்ரோபர் 30 எங்கள் நிகழ்ச்சி நிரலில் ஒரே நாளாகத்தான் இருக்கிறது. எதிர்ப்பும் வந்தது, வரட்டும்.

இதை உங்கள் வீட்டிலும் செய்து பாருங்கள். எங்கள் அனுபவத்தில் சில விசயங்களை மட்டும் சொல்கிறேன். கை வேலை செய்யும்போது குறுக்கே கேள்வி கேட்கவேண்டாம். “அப்ப என்ன நடந்தது?” என்று கேட்காதீர்கள், “இது என்ன?” என்று கேளுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்துங்கள், பிழையாக வைக்கவும் விடுங்கள். ஒருவர் எழும்பிப் போனால் போகவிடுங்கள், பின்னால் போய் இழுக்காதீர்கள். முடிந்ததும் மேலிருந்து ஒரு படம் எடுத்து, பின்னால் பெயர், ஊர், ஆண்டு எழுதி வையுங்கள். ஒலிவாங்கி அதற்குப் பிறகு வந்தால் போதும்.

அன்றிரவு அந்தச் சீலையை மடிக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் அன்ரியே மாவைக் கூட்டி அள்ளினார். அவர் இப்போது எங்களோடு இல்லை. அந்தப் படம் என் கணக்குக் கோப்புகளோடு இருக்கிறது. அதில் படலைக்குக் குறுக்கே கிடக்கும் தீக்குச்சி தெளிவாகத் தெரிகிறது.