டைனமோ தம்பி, ஆல்டர்னேட்டர் அண்ணன்!

ஐம்பது வருடம் பின்னால் போகலாமா?

1970-களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேலூரில் ஒரு பழைய காரை வாடகைக்குப் பிடித்து, குடும்பத்தோடு அமிர்திக்குப் போயிருக்கிறீர்கள். சுமார் 25 கிலோமீட்டர் தூரம். 1967-ல் திறந்த மிருகக்காட்சி சாலை, அருவிக் குளியல், தூக்குச் சட்டியில் புளியோதரை. கிளம்புவதற்குள் இருட்டிவிட்டது. ஜவ்வாது மலை அடிவாரம், இருபுறமும் காடு. முன்னால் ஒரு மாட்டுவண்டி ஆடி அசைந்து போகிறது. உங்கள் கார் வேகத்தைக் குறைக்கிறது. உடனே ஹெட்லைட் மஞ்சளடித்து, தள்ளுவண்டிக் கடை காடா விளக்கு மாதிரி ஆகிவிடுகிறது. டாஷ்போர்டில் ஒரு குட்டி சிவப்பு விளக்கு கண் சிமிட்டுகிறது.

டிரைவர் திரும்பிப் பார்க்காமலே சொல்கிறார்: "இஞ்சினை மட்டும் நிறுத்த மாட்டேன் சார். நிறுத்தினா செல்ஃப் எடுக்காது. அப்புறம் நீங்கதான் இறங்கித் தள்ளணும்!"

குற்றவாளி டிரைவர் இல்லை, பேட்டரியும் இல்லை. பானெட்டுக்குள் இருக்கும் டைனமோ!

அதன் ஜாதகத்தைப் பார்க்க 1832-ம் ஆண்டு பாரீஸுக்குப் போக வேண்டும். காந்தத்தை அசைத்தால் கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்று ஃபாரடே சொல்லி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஹிப்போலைட் பிக்ஸி என்ற கருவித் தயாரிப்பாளர், கையால் சுற்றும் ஒரு யந்திரம் செய்தார். மின்சாரம் வந்தது. ஆனால், முன்னும் பின்னுமாக மாறி மாறிப் பாயும் ஏ.ஸி. மின்சாரம்! "இதை வைத்து என்ன செய்வது?" என்ற நிலை. அப்போது விஞ்ஞானி ஆம்பியர் ஒரு யோசனை கொடுக்க, 'கம்யூடேட்டர்' என்ற திருப்புவளையத்தை பிக்ஸி பொருத்தினார். மின்சாரம் ஒரே திசையில் ஓடியது.

கவனித்தீர்களா? முதலில் பிறந்தது ஏ.ஸி. தரும் ஆல்டர்னேட்டர்தான். டைனமோ அதற்குத் தம்பி! பேட்டரிக்கு ஒரே திசை மின்சாரம்தான் வேண்டும் என்பதால், கார் வந்தபோது அந்த வேலை தம்பிக்குப் போனது. அண்ணன் வெளியே நின்றான்.

1912-ல் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்தார். கை எலும்பை முறித்த 'ஹாண்டில்' மெதுவாக விடை பெற்றது. ஸ்டார்ட்டருக்கு பேட்டரி, பேட்டரிக்கு டைனமோ என்று சங்கிலி உருவானது.

தம்பிக்கு ஒரு பலவீனம் உண்டு. உற்பத்தியாகும் மின்சாரம் முழுவதும் சுழலும் கம்யூடேட்டர் வழியாக, கார்பன் பிரஷ்ஷை உரசிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். கண்டபடி வேகமாகச் சுற்றினால் தாங்காது. மெதுவாகச் சுற்றினாலோ மின்சாரமே வராது! அந்த நேரத்தில் பேட்டரியிலிருந்து மின்சாரம் திரும்பிப் பாய்ந்தால், டைனமோ மோட்டாராகிவிடப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் 'கட்-அவுட்' (சினிமா கட்-அவுட் அல்ல!) என்ற பெட்டி. வேகம் குறைந்தால் அது இணைப்பைத் துண்டிக்கும். சிவப்பு விளக்கு எரியும். மாட்டுவண்டிக்குப் பின்னால் நடந்தது இதுதான்.

இந்த வம்பில் மாட்டியவர் ஜோசஃப் லூகாஸ். பர்மிங்ஹாமில் தள்ளுவண்டியில் விளக்கெண்ணெய்... ஸாரி, விளக்குக்கு ஊற்றும் பாரஃபின் எண்ணெய் விற்றவர். பின்னர் அவர் தயாரித்த சைக்கிள் விளக்கின் பெயர் 'சாலையின் ராஜா'. பிரிட்டிஷ் கார்களுக்கு லூகாஸ் கம்பெனிதான் மின்சாதனங்கள் கொடுத்தது. விளக்கு மங்கும்போதெல்லாம் கார்க்காரர்கள் அவருக்குக் கொடுத்த பட்டம், 'இருட்டின் இளவரசன்'! அந்த லூகாஸ்தான் 1961-ல் டி.வி.எஸ்.ஸோடு கைகோத்து சென்னைக்கு வந்தது. பாடி தொழிற்சாலை இன்றைக்கும் சென்னைவாசிகளுக்கு ஓர் அடையாளம்.

அதற்குள் அமெரிக்காவில் அண்ணனுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது. காரணம், கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய சிலிக்கான் டையோடு. மின்சாரத்தை ஒரே பக்கம் மட்டும் விடும் வாயில்காப்போன். கம்யூடேட்டர் வேண்டாம், பிரஷ் வழியாகப் போவது சில ஆம்பியர்கள் மட்டுமே. எனவே வேகமாகச் சுற்றலாம், இஞ்சின் நிதானமாக ஓடும்போதே சார்ஜ் செய்யலாம். 1960-ல் கிரைஸ்லரின் வேலியன்ட் கார் ஆல்டர்னேட்டரோடு வந்தது. 1964 ஏப்ரலில் அறிமுகமான ஃபோர்டு மஸ்டாங்குக்கு முதல் சில மாதங்கள் டைனமோதான். அந்தக் கோடை முடிவதற்குள் ஆல்டர்னேட்டர்! பிக்ஸியின் ஏ.ஸி. யந்திரம் 130 வருடம் காத்திருந்து ஜெயித்தது.

இப்போது உங்களுக்கு ஒரு வார்த்தை. தாத்தாவின் கார் ஷெட்டில் நிற்கிறதா? ஆல்டர்னேட்டர் போட ஆசையா? தாராளமாகப் போடுங்கள். ஆனால், அதை மட்டும் மாட்டிவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள்!

அந்தக் கால லூகாஸ் டைனமோ ஒன்றின் உச்சபட்சமே 22 ஆம்பியர். வயரும் அந்த அளவுக்குத்தான். அதே வயரில் 60 ஆம்பியரைத் திணித்தால், டாஷ்போர்டுக்குப் பின்னால் புகை வரும். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குத் தனியாகத் தடிமனான வயர், நடுவில் தகுந்த ஃப்யூஸ் அவசியம். பழைய ஆம்மீட்டர் அவ்வளவையும் தாங்காது, வோல்ட்மீட்டர் போதும். வண்டி ஓடும்போது முள் 14 வோல்ட்டை ஒட்டி நின்றால் ஆரோக்கியம். இன்னொன்று: பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாஸிட்டிவ்தான் எர்த். அதை மாற்றாமல் இன்றைய ஆல்டர்னேட்டரை இணைத்தால், டையோடுகள் கண் மூடித் திறப்பதற்குள் காலி.

"ஒரிஜினல் போய்விடுமே" என்று கவலையா? டைனமோ போலவே வேஷம் போட்ட ஆல்டர்னேட்டர்கள்கூட வெளிநாட்டில் கிடைக்கின்றன. கழற்றிய டைனமோவைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வையுங்கள். அது தாத்தா காலத்தின் நினைவு.

ஆனால், அமிர்திக் காட்டு ரோட்டில் இருட்டும்போது, பின்சீட்டில் தூங்கும் குழந்தைக்குத் தேவை நினைவல்ல... வெளிச்சம்!