168 எப்படி 178-ஐ விடச் சாதனை ஆனது?

செம்பவாங்கிலிருந்து 167 எண் பேருந்தில் நகரத்துக்குப் போகிறவர்களுக்கு அப்பர் தாம்சன் சாலை பழக்கமான சாலைதான். செம்பவாங் ஹில்ஸ் பக்கம் வரும்போது சன்னலுக்கு வெளியே பாருங்கள். அங்கேதான் ஒருகாலத்தில் பந்தயக் கார்கள் வேகத்தைச் சட்டென்று குறைத்து, ஒரு கூர்வளைவில் திரும்பி, பழைய அப்பர் தாம்சன் சாலைக்குள் நுழைந்தன. 1961 முதல் 1973 வரை ஏறக்குறைய 4.8 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுற்றில் கிராண்ட் பிரீ பந்தயம் நடந்தது. 1962-இல் மலேசிய கிராண்ட் பிரீ என்று பெயர் மாறியது. விடுதலைக்குப் பிறகு 1966-இல் சிங்கப்பூர் கிராண்ட் பிரீ ஆனது. பெயர் மாறிய வரிசையே ஒரு வரலாற்றுப் பாடம். அதை இன்னொரு இதழில் பார்ப்போம்.

இப்போது நமக்கு வேண்டியது 1962. அந்த ஆண்டு யோங் நாம் கீ ஜாகுவார் இ-டைப் காரில் வென்றார். இ-டைப் கடையில் வாங்கிச் சாலையில் ஓட்டுகிற கார். அதற்கு முந்திய ஆண்டுதான் விற்பனைக்கு வந்திருந்தது. பந்தயத்துக்கென்றே செய்த வண்டிகளோடு அது எப்படி ஒரே கோட்டில் நின்றது? பந்தயம் 'ஃபார்முலா லிப்ரே' முறையில் நடந்தது, அதாவது கட்டற்ற வகை. எந்த என்ஜின், எந்த உடல் என்ற கட்டுப்பாடு மிகக் குறைவு. யார் முதலில் வருகிறாரோ அவர் வென்றார், அவ்வளவுதான். விதியை உட்கார்ந்து விளக்க வேண்டிய தேவையே அங்கே அதிகம் இல்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு விளையாட்டு இருக்கிறது. அதில் பக்கத்தில் ஓடும் எதிராளி கிடையாது. நேர்க்கோட்டில் ஓடும் ஒரு வண்டி, ஒரு கடிகாரம், ஒரு விதிப்புத்தகம், மூன்றே மூன்றுதான். தரை வேகச் சாதனை என்று சொல்கிறோமே, அதில் தொழில்முறை சாராத ஆர்வலர்களின் பிரிவு அது. தெற்குக் கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிக்கொண்டிருந்த இளைஞர் குழுக்கள் 1937-இல் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தன. 1949 முதல் யூட்டா மாநிலத்தின் பான்வில் உப்புப் பரப்பிலும் ஓட்டத் தொடங்கினார்கள். வீட்டுக் கொட்டகையில் செய்த வண்டிகள், ஒவ்வொன்றும் ஒருவிதம். ஒன்றை இன்னொன்றோடு எப்படி ஒப்பிடுவது? அதனால் வகை பிரித்தார்கள். என்ஜினின் கொள்ளளவு ஒரு பக்கம், உடலின் அமைப்பு இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்துதான் ஒரு வண்டியின் வகை.

உடல் அமைப்புக்கு ஓர் உதாரணம். இரண்டாம் உலகப் போரில் விமானங்களின் அடியில் கூடுதல் எரிபொருள் தொட்டி மாட்டினார்கள். மீன் மாதிரி, காற்றைக் கிழிக்கிற வடிவம். போர் முடிந்ததும் அவை பழைய சாமான் கடைகளுக்கு வந்தன. 1946-இல் பில் பர்க் என்பவர் அப்படி ஒரு தொட்டியை வாங்கிக் காரின் உடலாக்கினார். பிறகு பலர் அதே வழியில் போனார்கள். இந்த வகை வண்டிக்கு 'லேக்ஸ்டர்' என்று பெயர் வந்தது. அதன் இலக்கணம் எளிது: சக்கரங்கள் வெளியே தெரிய வேண்டும். சக்கரத்தை மூடிக் காற்றை வழுக்கிவிட்டால் அது 'ஸ்ட்ரீம்லைனர்', வேறு வகை. தொட்டி அதே, என்ஜின் அதே, ஓட்டுநரும் அதே. ஒரு தகடு மட்டும் புதிது. ஆனால் நேற்றுவரை முறியடிக்க வேண்டியிருந்த எண் வேறு, இன்றைக்கு வேறு.

'மாற்றலாமா, கூடாதா?' என்று கேட்டால் பதில் கிடைக்காது. 'மாற்றினால் எந்த வகைக்குப் போகும்?' என்று கேட்க வேண்டும். தமிழ் படிப்பவர்களுக்கு இது புதிதில்லை. தொல்காப்பியர் மரபியலில் 32 உத்திகளைச் சொல்கிறார். சொன்னதைக் கொண்டு சொல்லாததை முடிவு செய்வதும் அவற்றில் அடக்கம். சக்கரம் தெரிய வேண்டும் என்று விதி சொன்னால், பாதி மூடிய சக்கரம் என்ன ஆகும் என்று அடுத்த நாளே ஒருவர் கேட்பார். உரையாசிரியர்கள் செய்த வேலையை அங்கே சோதனையாளர்கள் செய்தார்கள், கையில் அளவு நாடாவோடு.

சரி, இனி தலைப்புக்கு வருவோம். நியூசிலாந்தின் இன்வர்கார்கில் ஊரில் பர்ட் முன்ரோ என்று ஒருவர் இருந்தார். 1899-இல் பிறந்தவர். அவரிடம் 1920-இல் செய்த இந்தியன் ஸ்கவுட் மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. 600 சிசி, மணிக்கு 55 மைல் போகும். பல பத்தாண்டுகள் அதையே குடைந்து, உருக்கி, மாற்றிக்கொண்டே இருந்தார். பிஸ்டன்களைப் பழைய தகர டின்களில் வார்த்தார் என்பது பலருக்குத் தெரிந்த கதை. கடைசியில் அது 'இந்தியன்'தானா என்று கேட்டால், எனக்குப் பதில் தெரியாது. விதிப்புத்தகம் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. அது கேட்டது சிசி எவ்வளவு, உடல் எப்படி என்பதை மட்டும்தான்.

பான்வில்லில் அவர் எண்கள் இவை. 1962-இல் என்ஜின் 850 சிசி, மணிக்கு சுமார் 179 மைல், 883 சிசிக்கு உட்பட்ட வகையில் சாதனை. 1966-இல் என்ஜின் 920 சிசி, 168 மைல், அதுவும் சாதனை. 1967-இல் 950 சிசி, 183.59 மைல், மறுபடியும் சாதனை.

இந்த மூன்று எண்களை ஆண்டுகளோடு மட்டும் கரும்பலகையில் எழுதி, என்ன புரிகிறது என்று உயர்நிலை நான்கு மாணவர்களைக் கேட்டேன். "1966-இல் முன்ரோ தோத்துட்டாரு சார்" என்று ஒரு மாணவர் எழுதினார். எண் குறைந்திருக்கிறதே! நானும் யோசிக்காமல் சரி போட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து குறிப்பைத் திரும்பப் பார்த்தபோதுதான் உறைத்தது. என்ஜினைப் பெரிதாக்கியதால் அவர் 883 வகையைத் தாண்டி 1000 சிசி வகைக்குப் போய்விட்டார். அங்கே முறியடிக்க வேண்டிய எண் வேறு. மறுநாள் வகுப்பில் மன்னிப்புக் கேட்டு மதிப்பெண்ணைத் திருத்தினேன். இரண்டு பேர் அதற்குச் சிரித்தார்கள், பரவாயில்லை.

1967-இல் இன்னொரு சிக்கலும் உண்டு. தகுதி ஓட்டத்தில் அவர் ஒரு திசையில் 190.07 மைல் தொட்டார். ஆனால் சாதனை 183.59-தான். ஏன்? சாதனைக்கு இரு திசைகளிலும் ஓடிச் சராசரி எடுக்க வேண்டும்; காற்று ஒரு பக்கம் உதவினால் மறுபக்கம் தடுக்கும் அல்லவா? ஆகவே தேர்வில் 'முன்ரோவின் அதிக வேகம்' என்று கேட்டால் ஒரு விடை, 'முன்ரோவின் சாதனை' என்று கேட்டால் வேறு விடை. கேள்வியின் பெயர்ச்சொல்லுக்கு அடிக்கோடு போடச் சொல்லி நாம் தொண்டை வற்றக் கத்துவது இதற்காகத்தான்.

2005-இல் வந்த திரைப்படத்தைப் பார்த்துவிட்டு விடை எழுதுபவர்களும் உண்டு. படத்தில் சோதனையாளர்கள் வண்டியைப் பார்த்துத் திகைக்கும் காட்சி நன்றாகவே இருக்கும். ஆனால் அது நாடகம், சான்றாகக் காட்டாதீர்கள். சான்று என்றால் நேரக் குறிப்புதான்.

அந்த நேரக் குறிப்பையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டியிருந்தது. முன்ரோ 1978-இல் இறந்தார். 2014-இல், அதாவது 36 ஆண்டுகள் கழித்து, அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் 1967-இன் கணக்கில் பிழை இருந்ததை ஒப்புக்கொண்டு 184.087 மைல் என்று திருத்தியது. வண்டியும் வகையும் மாறவில்லை, சராசரி மட்டும் மாறியது. பழைய நூல்களில் 183.59 என்றும் புதியவற்றில் 184.087 என்றும் இருப்பதைப் பார்த்து மாணவர்கள் குழம்புவார்கள். இரண்டையும் எழுதி, எந்த ஆண்டின் பதிவு என்பதையும் பக்கத்தில் குறிக்கச் சொல்லுங்கள்.