செம்மண்ணில் விளைந்த சீமைக்கிழங்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கிழங்கென்றால் முன்னாளில் பனங்கிழங்கும் இராசவள்ளியும் மரவள்ளியுமே முன்னின்றன. உருளைக்கிழங்கோ, தென்னமெரிக்க மலைகளிலே பிறந்து, ஐரோப்பியருடன் கப்பலேறி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே சாமுவேல் பேக்கர் போன்ற ஆங்கிலேயரின் பிரயாசையால் நுவரெலியாவில் வேரூன்றி, வடக்கே வெகுகாலம் வெறும் கடைச்சரக்காக வந்துகொண்டிருந்தது.

குளிரை நாடும் அப்பயிர் அனல் பறக்கும் இப்பிரதேசத்தில் விளையுமோ என்று ஐயுறுவது இயல்பே. ஆயினும் மார்கழி, தை மாதத்துப் பனி இரவுகள் கிழங்கு பருப்பதற்கு வேண்டிய குளிர்ச்சியை ஒருவாறு அளித்தமையால், மாரியின் பிற்பகுதியில் நட்டதை மாசி, பங்குனியிற் கிண்டியெடுக்கலாயிற்று. உரும்பிராய், கோப்பாய், குப்பிழான், புன்னாலைக்கட்டுவன் முதலிய ஊர்களின் செம்மண் இதற்கு வாய்த்த நிலம். ஆனால் மண்ணைப் புகழ்ந்து மனிதரை மறத்தல் தகாது. ஒருவர் துலாவின்மேல் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, மற்றொருவர் கிணற்றடியில் நின்று பட்டை நீரை வாய்க்காலிற் கவிழ்க்க, இன்னொருவர் மண்வெட்டியோடு பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற, தலைமுறை தலைமுறையாகப் புகையிலையும் வெங்காயமும் வளர்த்த அந்தக் கமக்காரரின் உழைப்பே, மண்ணெண்ணெய் இயந்திரம் துலாவின் ஸ்தானத்தைப் பிடித்த பின்னர், உருளைக்கிழங்கையும் தாங்கிக்கொண்டது.

விதைக்கிழங்கு ஒல்லாந்து முதலிய தேசங்களிலிருந்து வந்தது. 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டவர்களின் நாட்டோடு நம்மவருக்கு இப்படியொரு தோட்டத் தொடர்பு பின்னாளில் உண்டானது வேடிக்கையே.

எனினும் இப்பயிரின் ஜாதகத்தை எழுதியது வானமன்று, வர்த்தகக் கொள்கையே. 1960களின் பிற்பகுதியில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு, 1970 முதல் 1977 வரை அக்கட்டுப்பாடு இறுகியபோது, கிழங்கும் மிளகாயும் வெங்காயமும் லொறி லொறியாகக் கொழும்புக்குப் போயின, கல்வீடுகள் எழுந்தன. 1977இல் ஆட்சி மாறிச் சந்தை திறந்ததும் விலை சரிந்தது. பின்னர் யுத்தம், உரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் தடை, 1995இல், மேற்சொன்ன ஊர்கள் அடங்கிய வலிகாமமே இடம்பெயர்ந்த பெருந்துயரம்.

அடுக்களையில் இக்கிழங்கு குழம்பாகவும் பிரட்டலாகவும் பாற்கறியாகவும் பக்குவப்பட்டது. கடைகளில் கட்லட்டுக்குள்ளும் ரோல்ஸுக்குள்ளும் புகுந்தது. பாண் சுடும் போறணை பேக்கரிக்கே உரியதாயிருந்த காலம் போய், மின்சாரப் போறணை வீட்டுக்குள் வந்தபின், எண்ணெயிற் பொரிக்காது வாட்டியெடுக்கும் வழக்கமும் தோன்றியிருக்கிறது. விரற்பருமனாய் அரிந்து, நீரில் ஊறவிட்டு மாப்பசை போக்கி, ஈரம் ஒற்றி, சிறிது எண்ணெய் தடவி, ஒன்றையொன்று முட்டாமற் பரப்பி, 220 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஓரம் சிவக்கும்வரை சுடுவர். உள்ளியும் மிளகும் யாழ்ப்பாணத்துக் கறித்தூளும் குழைத்த பட்டரில், கிழங்கை இறக்கிய பின்னரே பிரட்டவேண்டும். முன்னரே இட்டால் அதிலுள்ள பாற்சத்துக் கருகிக் கசக்கும். கறித்தூள் சேராத பட்டர் எனக்கு ருசிப்பதில்லை.

மாசி, பங்குனியில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கோ மருதனார்மடத்துக்கோ செல்லும் அன்பர்கள், கப்பலில் வந்த கிழங்கை விடுத்து, செம்மண் ஒட்டிய உள்ளூர்க் கிழங்கைக் கேட்டு வாங்குவார்களாக.