சாவி யார் கையில்?

கம்ப்யூட்டர் விஷயத்தில் நம்ம ஆட்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு ஹார்ட்வேர்தான் உசத்தி. எத்தனை கோர், எத்தனை ஜி.பி. ராம், என்ன கிராபிக்ஸ் கார்டு என்று விசாரித்துக்கொண்டே இருப்பார்கள். இன்னொரு கட்சிக்குப் பெட்டி எதுவானாலும் சரி, உள்ளே லினக்ஸ் ஓடுதா என்பது மட்டும்தான் கேள்வி. ஹாஸ்டல் மாடியில் இந்த வழக்கு விடிய விடிய நடந்திருக்கிறது. யாரும் ஜெயித்ததாக நினைவில்லை. மலருக்கு ஏதாவது எழுதச் சொல்லிச் சங்கத்திலிருந்து கேட்டதும், அதே வழக்கை எடுத்துக்கொண்டேன். சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால் இரண்டு கட்சியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்! பெட்டி திறந்து கிடந்ததால்தான் சாஃப்ட்வேரும் திறந்தது. எப்படி என்று பார்ப்போம்.

அவசரத்தில் திறந்த கதவு

1970-களில் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிகளின் வழக்கம் என்ன தெரியுமா? சில்லு, போர்டு, டிஸ்க், சாஃப்ட்வேர் எல்லாம் நம்முடையதாகவே இருக்க வேண்டும். வாடிக்கையாளர் வேறு எங்கும் போய்விடக் கூடாது. இந்த வித்தையில் ஐ.பி.எம்.தான் பெரிய அண்ணன்.

அந்த அண்ணனுக்கு 1980-ல் ஓர் அவசரம் வந்தது. ஆப்பிள் போன்ற சின்னக் கம்பெனிகள் மேஜைக் கம்ப்யூட்டர் விற்றுக் காசு பார்க்கின்றன. நாமும் உடனே இறங்க வேண்டும். ஃப்ளோரிடா மாநிலம் போகா ரேட்டனில் டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையில் ஒரு குழுவிடம் வேலை போனது. கெடு ஏறத்தாழ ஒரு வருஷம். எல்லாவற்றையும் சொந்தமாகச் செய்ய நேரம் ஏது? கடையில் கிடைக்கும் பாகங்களையே வாங்கிக் கோத்தார்கள். மூளைக்கு இன்டெல் 8088, வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு மைக்ரோசாஃப்ட். அதை மற்றவர்களுக்கும் விற்கிற உரிமை மைக்ரோசாஃப்ட் கையிலேயே இருந்துவிட்டது.

1981 ஆகஸ்ட் 12-ல் ஐ.பி.எம். பிசி வெளிவந்தது. உள்ளே ஐந்து ஸ்லாட். யார் வேண்டுமானாலும் கார்டு செய்து செருகலாம். அதற்கு வசதியாக, சர்க்யூட் படங்களோடும் பயாஸ் ப்ரோக்ராமின் முழு வரிகளோடும் ஒரு கையேடும் விற்றார்கள். இன்றைக்கு எந்தக் கம்பெனியிடமாவது இப்படிக் கேட்டுப் பாருங்கள், வக்கீல் நோட்டீஸ்தான் வரும்!

படிக்காதவர் எழுதிய பயாஸ்

பாகங்கள் கடையில் கிடைக்கின்றன, படம் கையேட்டில் இருக்கிறது. அப்புறம் காப்பியடிக்க என்ன தடை? பயாஸ். அதற்கு ஐ.பி.எம்.மிடம் காப்புரிமை இருந்தது. வரிக்கு வரி எடுத்தால் கோர்ட்டுக்குப் போக வேண்டும்.

ஹூஸ்டனில் டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வேலையை விட்ட மூன்று பேர், ராட் கேனியன், ஜிம் ஹாரிஸ், பில் மர்ட்டோ, 1982-ல் காம்பாக் கம்பெனியைத் தொடங்கினார்கள். அவர்கள் செய்த வழி அழகானது. ஒரு குழு ஐ.பி.எம். பயாஸைப் படித்து, அது என்னென்ன செய்கிறது என்று மட்டும் குறிப்பு எழுதும். இன்னொரு குழு, அசல் வரிகளைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள், அந்தக் குறிப்பை வைத்துப் புதிதாக எழுதுவார்கள். வேலை ஒன்று, எழுத்து வேறு. சட்டம் ஒன்றும் சொல்ல முடியாது. இந்த வேலைக்கு ஐ.பி.எம். கையேட்டைப் படிக்காத ஆள்தான் தேவை. படித்தவருக்கு வேலை இல்லை! இன்டர்வ்யூ உலகத்தில் அபூர்வமான தகுதி.

காம்பாக் போர்ட்டபிள் 1983-ல் கடைக்கு வந்தது. பேர்தான் போர்ட்டபிள், எடை ஏறத்தாழ 13 கிலோ. அரைச் சிப்பம் அரிசி. முதல் வருஷமே 11.1 கோடி டாலர் விற்பனை. 1984-ல் ஃபீனிக்ஸ் என்ற கம்பெனி இதே முறையில் ஒரு பயாஸ் எழுதி, காசு கொடுத்த எல்லோருக்கும் விற்றது. அத்தோடு கதவு பெயர்ந்தே போய்விட்டது.

ஐ.பி.எம். முழித்துக்கொண்டு 1987-ல் பி.எஸ்./2 என்ற புது வரிசையைக் கொண்டுவந்தது. அதன் மைக்ரோ சேனல் ஸ்லாட்டை யார் பயன்படுத்தினாலும் லைசென்ஸ் கட்டணம். வெள்ளம் போன பிறகு அணை போட்ட கதை! மறு வருஷமே காம்பாக் முதலான ஒன்பது கம்பெனிகள் சேர்ந்து போட்டிக்கு வேறொரு ஸ்லாட்டை அறிவித்தன. பிசி அதற்குள் யாருக்கும் சொந்தமில்லாத பொதுச் சொத்தாகியிருந்தது. சென்னை ரிச்சி தெருவில் மதர்போர்டு ஒரு கடையில், ராம் ஒரு கடையில், கேபினெட் இன்னொரு கடையில் என்று பேரம் பேசி நாம் ‘அசெம்பிள்டு’ பெட்டி வாங்கினோமே, அதன் பூர்வீகம் இதுதான். (சி மொழி தந்த டென்னிஸ் ரிச்சிக்கும் அந்தத் தெருவுக்கும் சம்பந்தமில்லை. ஜூனியர்கள் கேட்டால் சொல்லிவிடுங்கள்.)

ஒரு பிரிண்டரால் வந்த கோபம்

இப்போது எம்.ஐ.டி.க்குப் போகலாம். குரோம்பேட்டை இல்லை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ். அங்கே செயற்கை நுண்ணறிவு லேபில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்ற ப்ரோக்ராமர். லேபின் பழைய பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குத் தகவல் போகிற மாதிரி அவர் சாஃப்ட்வேரை மாற்றி வைத்திருந்தார். 1980 வாக்கில் ஜெராக்ஸ் கம்பெனி புது லேசர் பிரிண்டர் ஒன்றைக் கொடுத்தது. அதிலும் பேப்பர் சிக்கியது. ஆனால் சோர்ஸ் கோடு கிடையாது. கோடு வைத்திருந்த ஒருவரை இன்னொரு பல்கலைக்கழகத்தில் நேரில் போய்க் கேட்டார். வெளியே தருவதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று அவர் மறுத்துவிட்டார்.

நம்மில் பலர் திட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருப்போம். ஸ்டால்மன் 1983 செப்டம்பரில் க்னூ திட்டத்தை அறிவித்து, 1984 ஜனவரியில் வேலையையும் விட்டார். யூனிக்ஸ் போலவே ஒரு முழு சிஸ்டம். எல்லா வரிகளும் எல்லோருக்கும். லேபில் நாமெல்லாம் அழைத்த ஜி.சி.சி. கம்பைலர் 1987-ல் வந்தது. 1989-ல் ஜி.பி.எல். என்ற லைசென்ஸ். அதன் சாரம் இவ்வளவுதான்: வாங்கு, படி, மாற்று, விற்கக்கூடச் செய், ஆனால் அடுத்தவருக்குக் கொடுக்கும்போது உனக்குக் கிடைத்த உரிமையையும் சேர்த்துக் கொடு.

கம்பைலர், எடிட்டர், ஷெல் எல்லாம் தயார். நடுவில் இருக்க வேண்டிய கெர்னல் மட்டும் 1991 வரை தயாராகவில்லை. கல்யாண மண்டபம் ரெடி, சமையல் ரெடி, மாப்பிள்ளையைக் காணோம்!

தவணையில் வாங்கிய 386

1985-ல் இன்டெல் 80386 சில்லை வெளியிட்டது. 32 பிட், 2,75,000 டிரான்சிஸ்டர். இன்டெல் செய்ததிலேயே முக்கியமான சில்லு எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். பழைய 8088-ல் ஒரு ப்ரோக்ராம் கோணலாய்ப் போனால் பக்கத்து ப்ரோக்ராமின் மெமரியை மிதித்துவிடும். 386-ல் ஒவ்வொன்றுக்கும் தனி அறை, பூட்டு உட்பட, ஹார்ட்வேரே கொடுத்தது. யூனிக்ஸ் ஓட்டத் தேவையான சங்கதி எல்லாம் ஒரு மேஜைப் பெட்டிக்குள் வந்துவிட்டது. அதை முதலில் பெரிய அளவில் விற்றது ஐ.பி.எம். இல்லை, 1986-ல் காம்பாக்! ஆனால் வாங்கினவர்களில் பெரும்பாலோர் அதில் டாஸ்தான் ஓட்டினார்கள். ஜல்லிக்கட்டுக் காளையைச் செக்கில் கட்டின மாதிரி.

1991 ஜனவரியில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு 386 வாங்கினார். 33 மெகாஹெர்ட்ஸ், 4 எம்.பி. ராம், தவணை முறை. பெட்டி பெரிய கம்பெனிப் பிராண்டு இல்லை, க்ளோன். அதில் மினிக்ஸ் போட்டார். அது ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம், பாடம் நடத்துவதற்காக எழுதி 1987-ல் வெளியிட்ட குட்டி யூனிக்ஸ்.

386-ன் உள்விவரம் கற்றுக்கொள்ள லினஸ் இரண்டு வேலைகளை மாறி மாறி ஓட விட்டார்; ஒன்று திரையில் ‘ஏ’ போடும், மற்றது ‘பி’ போடும். அது வளர்ந்து, பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரோடு போனில் பேசும் டெர்மினலாகி, டிஸ்க் டிரைவர் சேர்ந்து, கடைசியில் கெர்னலாகிவிட்டது. 1991 ஆகஸ்ட் 25-ல் அறிவிப்பு, செப்டம்பரில் 0.01 பதிப்பு, ஏறத்தாழ 10,000 வரிகள். முதலில் இதற்குக் காசு வாங்கக் கூடாது என்று நிபந்தனை இருந்தது. 1992-ல் ஜி.பி.எல்.லுக்கு மாற்றினார். மாப்பிள்ளை மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார்!

அதே ஜனவரியில் டானன்பாம் இரண்டு குறை சொன்னார்: கெர்னலின் அமைப்பு பழைய பாணி, ஒரே சில்லைக் கட்டிக்கொண்டு அழுகிறது. இரண்டாவது குறை அன்றைக்கு நியாயம்தான். 1995-ல் வந்த 1.2 பதிப்பு ஆல்ஃபா, ஸ்பார்க், மிப்ஸ் சில்லுகளிலும் ஓடியது. 2017 நவம்பர் பட்டியலில் உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களிலும் லினக்ஸ்தான். 2013-ல் வந்த 3.8 பதிப்பில், பிறந்த வீடான 386-க்கே ஆதரவு நிறுத்தப்பட்டது. பிள்ளை வளர்ந்து சொந்த வீட்டைக் காலி செய்தாயிற்று.

ஒன்று கவனியுங்கள். அந்த மாணவர் தன் பெட்டியில் தான் எழுதிய கெர்னலை ஏற்ற யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்கச் சொல்லவும் பெட்டிக்குள் யாரும் இல்லை. லினக்ஸ் பிறந்த ரகசியம் இதுதான் என்பேன்.

பெட்டி மறுபடி பூட்டுகிறது

இப்போது நிலைமை தலைகீழ். அமெரிக்காவில் டிவோ என்ற டி.வி. ரெக்கார்டர் 1999-ல் வந்தது. உள்ளே லினக்ஸ், சோர்ஸும் கொடுத்தார்கள். ஆனால் நீங்கள் மாற்றி எழுதினதை ஏற்றினால் பெட்டி ஓடாது. கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். சமையல் குறிப்பு உண்டு, அடுப்புக்குப் பூட்டு! இதைத் தடுக்கத்தான் 2007-ல் ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பு வந்தது. பெட்டி எப்படி இருக்க வேண்டும் என்பது லைசென்ஸின் வேலை இல்லை என்று லினஸ் இரண்டாம் பதிப்போடு நின்றுகொண்டார். இந்த ஒரு விஷயத்தில் நான் ஸ்டால்மன் கட்சி.

ஆண்ட்ராய்டு போனில் ஓடுவதும் லினக்ஸ் கெர்னல்தான். பூட்லோடர் பூட்டியிருந்தால் அது நமக்கு வெறும் பெருமை. பிசியிலும் 2012-ல் விண்டோஸ் 8-ஓடு செக்யூர் பூட் வந்தது. சாதாரணப் பிசியில் அதை அணைக்க வழி வைக்க வேண்டும் என்றது மைக்ரோசாஃப்ட் விதி. ஆர்ம் சில்லுப் பெட்டிகளில் அணைக்கவே கூடாது என்றது. விண்டோஸ் 10 வந்தபோது பிசியிலும் அந்த வழி தயாரிப்பாளர் இஷ்டம் என்றாகிவிட்டது. பாதுகாப்புக்குப் பூட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்குப் பூட்டு நல்லதுதான். சாவி வீட்டுக்காரரிடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நல்ல செய்தியும் உண்டு. 2010-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ், சில்லின் ஆணைத் தொகுப்பையே பொதுவில் வைத்தது. அதை வைத்து நம்ம ஐ.ஐ.டி. மெட்ராஸ் ‘சக்தி’ ப்ராசஸர்களை வடிவமைத்து, 2018-ல் சில்லாகவும் செய்து காட்டியது. 1981-ல் அவசரத்தில் திறந்த கதவை இவர்கள் தெரிந்தே திறந்து வைக்கிறார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லும் அங்கீகரித்த பட்டியலில் உள்ள ப்ராசஸரும் வேண்டும். அதனால் நன்றாக ஓடும் பெட்டிகள் பல ஆபீஸ்களில் மூலைக்குப் போகின்றன. எடைக்குப் போடும் முன் ஒரு பென் டிரைவில் டெபியனோ லினக்ஸ் மின்ட்டோ ஏற்றிப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் இது மருந்து என்று சொல்ல மாட்டேன். சில வைஃபை கார்டு மக்கர் செய்யும், விண்டோஸுக்கென்றே எழுதிய கணக்கு சாஃப்ட்வேர் ஓடாமல் போகலாம். ஆனால் சி கற்றுக்கொள்ளவும், கெர்னலைப் பிரித்துப் பார்க்கவும் எட்டு ஜி.பி. ராம் உள்ள பழைய பெட்டி தாராளம். லினஸிடம் இருந்தது நான்கு எம்.பி.!

நம்மில் பலர் இன்று கம்பெனிகளில் கம்ப்யூட்டர் வாங்கும் ஆர்டரில் கையெழுத்துப் போடுகிற இடத்தில் இருக்கிறோம். அடுத்த முறை விலை, வேகம் கேட்ட பிறகு இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: “இதில் வேறு சிஸ்டம் ஏற்ற முடியுமா, சாவி யார் கையில்?” கழித்துக்கட்டும் பெட்டிகளில் நல்லதாக நாலைந்து பொறுக்கி, டிஸ்க்கைச் சுத்தமாக அழித்துவிட்டு, நம்ம கல்லூரி லேபுக்குக் கொடுங்கள். கண்ணாடி ஷோகேஸில் வைக்க இல்லை. பசங்க ஸ்க்ரூ டிரைவரோடு திறக்கட்டும், கெர்னலை மாற்றி ஏற்றட்டும், பூட் ஆகாமல் விழிக்கட்டும், மறுபடி ஏற்றட்டும். யாரிடமும் அனுமதி கேட்காமல்!