கட்டிலிலேயே படுத்திருந்தால் நுரையீரல் தேறுமா? ஓய்வு என்ற மருந்தின் கதை

இது கொஞ்சம் நீளமான இழை. பீடி குடித்தே நெஞ்சைக் கெடுத்துக்கொண்ட அப்பாவோ, விறகடுப்பை ஊதியே காலத்தைக் கழித்த அம்மாவோ உங்கள் வீட்டில் எந்நேரமும் இளைப்போடு இருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

மூணு மாசம் முன்னாடி ஓபியில் ஒரு அம்மா. 65 வயது இருக்கும். வாழ்நாளில் சிகரெட்டைத் தொட்டதில்லை, ஆனால் நாற்பது வருட விறகுப் புகை உள்ளே போயிருக்கிறது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சிஓபிடி. ரெண்டு வருடம் முன்பு ஒரு இடத்தில் நோயைக் கண்டுபிடித்து இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு எங்கேயும் காட்டவில்லை. தீர்ந்தால் மகன் மருந்துக்கடையில் வாங்கிக் கொடுத்துவிடுவார்.

"அம்மாவ ஒரு துரும்பக்கூட எடுக்க விடுறதில்ல சார். கொல்லைக்குப் போறதுகூட நாங்க புடிச்சிட்டுப் போய்தான். ஆனாலும் இளைப்பு கூடிக்கிட்டேதான் போவுது" என்றார் மகன்.

'ஆனாலும்' இல்ல தம்பி, 'அதனாலதான்' என்று சொல்ல வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். அவர் அம்மா மேல் வைத்திருக்கும் பாசம் அது. தவிர, ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது நானே எத்தனை பேரிடம் "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்!

உங்களுக்கு என்ன வேணும்மா என்று கேட்டேன். "கொல்லைக்கு நானா போய் வந்தாப் போதும் சாமி" என்றார்.

சரி, நெஞ்சு நோய் என்றாலே 'படு, அசையாதே' என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது?

பெரும்பாலும் காசநோயிடமிருந்துதான். மருந்தே இல்லாத காலத்தில் டி.பி.க்கு இருந்த முக்கிய வைத்தியம் சானடோரியம். சுத்தமான காற்று, சத்தான சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. உலகம் முழுக்க இதுதான் நடந்தது. நம் தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து 1928இல் தொடங்கிய சானடோரியமும் அந்தக் காலத்துப் பிள்ளைதான். ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதென்றால் அந்த வைத்தியத்துக்கு இருந்த மரியாதையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த நம்பிக்கையை உடைத்ததிலும் நம்ம ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எல்லாம் சேர்ந்த முயற்சி. தலைமை, வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது: ஒரே மருந்தை ஒரு பாதிப் பேருக்கு சானடோரியத்தில் படுக்கவைத்தும், மறு பாதிப் பேருக்கு அவரவர் வீட்டிலும் கொடுத்தால் என்ன ஆகும்?

வீட்டில் இருந்தவர்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். நெருக்கடியான குடியிருப்பு, குறைவான சாப்பாடு, ஓய்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கோ நல்ல உணவு, முழு ஓய்வு. 1959இல் முடிவு வெளிவந்தது. ஒரு வருட சிகிச்சைக்குப் பிறகு இரண்டு தரப்பும் ஏறக்குறைய சமமாகவே குணமாகியிருந்தார்கள்! உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

ஒன்றைக் கவனியுங்கள். வீட்டில் இருந்தவர்களை 'மாத்திரை வாங்கிக்கோ, போ' என்று விட்டுவிடவில்லை. தவறாமல் மையத்துக்கு வரவைத்தார்கள். வராதவர் வீட்டுக்கு ஆள் போனது. மருந்து உள்ளே போகிறதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். கட்டிலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கண்காணிப்பை வைத்தார்கள் என்று சொல்லலாம்.

"டாக்டர், டி.பி. வேற, இளைப்பு வேற இல்லையா?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. டி.பி. கிருமியை மருந்து கொன்றுவிடும். சிஓபிடியில் சிதைந்த நுரையீரலைத் திரும்பக் கொண்டுவரும் மருந்து இன்றைக்கும் கிடையாது. ஆகவே இங்கே ஓய்வை வேறு ஒருத்தர் உடைக்க வேண்டியிருந்தது.

நியூயார்க்கில் ஆல்வன் பராக் என்று ஒரு மருத்துவர். ஆக்சிஜன் சிகிச்சையில் பெரிய கை. நுரையீரல் உப்பிப்போன சில நோயாளிகளை ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே நடக்க வைத்துப் பார்த்தார். நாளாக நாளாக அவர்களுடைய நடை கூடியது. பிறகு ஆக்சிஜன் இல்லாமலேயே முன்பைவிட அதிகம் நடந்தார்கள். விளையாட்டு வீரர்களுக்குப் பயிற்சியில் நடப்பது போன்ற ஏதோ ஒன்று இவர்கள் உடம்பிலும் நடக்கிறது என்று 1952இல் எழுதினார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. மூச்சு வாங்குகிறவனை நடக்கச் சொல்வது கொடுமை என்றுதான் அன்று நினைத்தார்கள்.

அடுத்து டென்வர் நகரம். டி.பி. நோயாளிகள் மலைக்காற்றைத் தேடி ஓடிய ஊர். அங்கேயே சார்லஸ் டெனிசன் என்ற மருத்துவர் 1895இல் நுரையீரல் நோயாளிகளுக்கு உடற்பயிற்சி பற்றிப் புத்தகம் எழுதியிருந்தார், அதையும் உலகம் மறந்திருந்தது. 1960களில் அதே ஊரில் தாமஸ் பெட்டி வந்தார். தோளில் மாட்டிக்கொண்டு நடக்கக்கூடிய திரவ ஆக்சிஜன் கருவி அப்போதுதான் வந்திருந்தது. பெட்டியும் அவருடன் பணியாற்றிய லூயிஸ் நெட்டும் சேர்ந்து ஒரு முழுத் திட்டத்தையே உருவாக்கினார்கள். நோயைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது, மூச்சுவிடும் முறை, சளியை வெளியேற்றும் முறை, படிப்படியான நடை, பிறகு விடாத தொடர் பரிசோதனை. 1969இல் இதை வெளியிட்டார்கள். இன்று நாம் நுரையீரல் மறுவாழ்வு சிகிச்சை என்று சொல்வதன் வேர் அதில்தான் இருக்கிறது.

ஆனால் ஒரு குழப்பம் ரொம்ப நாள் நீடித்தது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஊதவைத்துப் பார்த்தால் நுரையீரலின் அளவு துளியும் மாறவில்லை! அப்புறம் எப்படி இளைப்பு குறைகிறது? ஏமாற்றா, மனப்பிரமையா?

விடை நெஞ்சில் இல்லை, தொடையில் இருந்தது.

இளைக்கிறது என்று உட்கார்ந்தால் தொடைச் சதை வற்றும். வற்றிய சதை பத்தடி நடந்தாலே லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். அந்த அமிலத்தைச் சரிக்கட்ட உடம்பு இன்னும் வேகமாக மூச்சுவிடச் சொல்லும். ஏற்கனவே அடைபட்ட நுரையீரல் திணறும். பயந்துபோய் இன்னும் உட்காருவோம். சதை இன்னும் வற்றும். 1991இல் கலிபோர்னியாவில் ரிச்சர்ட் கசபூரி குழு இதை அளந்தே காட்டியது. பயிற்சி செய்த சிஓபிடி நோயாளிகளுக்கு அதே வேலைக்கு லாக்டிக் அமிலமும் குறைந்தது, தேவைப்பட்ட மூச்சும் குறைந்தது. நுரையீரல் அப்படியேதான் இருந்தது, அதன் மேல் விழுந்த சுமை குறைந்தது.

அதற்குப் பிறகு ஆய்வுகள் குவிந்தன. 2015இல் காக்ரேன் அமைப்பு 65 ஆய்வுகளை, 3,822 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தது. பலன் உண்டு என்பது அவ்வளவு தெளிவாக இருந்ததால், பலன் உண்டா என்று கேட்கும் ஆய்வு இனிமேல் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். மருத்துவத்தில் இப்படிச் சொல்வது அபூர்வம்.

இப்போது ரிவ்யூ விஷயம். "அதே மருந்துதானே, எதுக்கு சார் சும்மா சும்மா வரணும்?" என்று கேட்காத நோயாளி இல்லை.

லண்டனில் சார்லஸ் ஃப்ளெட்சர் என்று ஒருவர். 1941இல் ஆக்ஸ்போர்டில் ஒரு போலீஸ்காரருக்கு பென்சிலின் ஊசி போட்ட இளம் மருத்துவர் இவர்தான். பிறகு வேல்ஸில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் நெஞ்சைப் பார்த்துப் பார்த்து, 'சமதளத்தில் உங்க வயசுக்காரரோட ஈடுகொடுத்து நடக்க முடியுதா?' என்பது மாதிரியான கேள்விகளை உருவாக்கினார். இன்றும் ஓபியில் நாங்கள் கேட்பது அந்தக் கேள்விகளைத்தான்.

அவருடைய குழு 1961 முதல் எட்டு வருடம், 792 லண்டன் ஆண்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரவழைத்து ஊதவைத்தது. 1977இல் அவரும் ரிச்சர்ட் பீட்டோவும் வெளியிட்ட முடிவு: புகையை விட்டால் போன நுரையீரல் திரும்பாது, ஆனால் அதற்குப் பிறகான சரிவு புகைக்காதவருடைய வேகத்துக்கு வந்துவிடும். எந்த வயதில் விட்டாலும் மிச்சம் இருப்பது லாபம். இந்தச் சரிவு மெதுவானது, நமக்கே தெரியாது. 'வயசாயிடுச்சு' என்று நினைத்துக்கொள்வோம். ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப அளந்ததால்தான் அது பிடிபட்டது.

சரி, நம்ம அம்மாவுக்கு வருவோம். என் எதிரே இன்ஹேலரை அடிக்கச் சொன்னேன். மருந்து முழுக்க நாக்கிலும் கன்னத்திலும் போனது. ரெண்டு வருடமாக இப்படித்தான்! யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஸ்பேசர் கொடுத்து முறையைக் காட்டினேன். ஈசிஜி, ஆக்சிஜன் அளவு எல்லாம் பார்த்துவிட்டு, வாசலில் இருந்து வேப்பமரம் வரை நடை, மூச்சு வாங்கினால் நின்று உதட்டைக் குவித்து ஊதி மறுபடி நடை, வாரத்தில் ஐந்து நாள் என்று எழுதிக் கொடுத்தேன். நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவது பத்து தடவை. சமையல் கேஸ் அடுப்பில் மட்டும்.

உங்கள் வீட்டிலும் செய்யலாம், ஆனால் மருத்துவரிடம் காட்டிவிட்டு. காய்ச்சல், சளி நிறம் மாறுவது, திடீரென்று கூடிய இளைப்பு, நெஞ்சுவலி, கால் வீக்கம் இருந்தால் நடையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரி. வரும்போது சீட்டோடு இன்ஹேலரையும் எடுத்து வாருங்கள். அதை நாங்கள் பார்க்க வேண்டும்.

இந்த வாரம் மூன்றாவது ரிவ்யூவுக்கு வந்தார்கள். ஊதிப் பார்த்ததில் எண் ஏறக்குறைய அதேதான். மகன்தான் புகார் சொன்னார்: "கொல்லைக்குத் தனியா போயிடுது சார், அது பரவால்ல. சொன்னா கேக்காம மாட்டுக்குத் தண்ணி காட்டவும் போயிடுது."

அந்த அம்மா ஒன்றும் தெரியாதது போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.