நான்கத்தாயும் எள்ளின் நெய்யும்

திருப்பரங்குன்றத்து மலையடிவாரத்திலும் மதுரையைச் சூழ்ந்த ஊர்களிலும் பெருநாள் தட்டில் இடம்பெறும் பண்டங்களுள் நெய் பிஸ்கட்டும் ஒன்று. நம் பேக்கரிகளில் நெய் பிஸ்கட் எனப்படுவதை வடபுலத்தார் நான்கத்தாய் என்பர். இலங்கையிலோ அது ‘ஞானகதா’ ஆகிவிட்டது. பிஸ்கட்டுக்குள் ஞானம் எவ்வாறு புகுந்தது என்று வியக்க வேண்டா; கடல் கடந்த சொல் செவிக்குப் பழகிய உருவை எடுத்துக்கொண்டது, அவ்வளவே. மைதா, சர்க்கரை, நெய், சிறிது ஏலம் ஆகியவையே அதன் சரக்கு. வீட்டில் பேக்கரி அடுப்பு ஏது? அகன்ற பாத்திரத்தில் மணல் பரப்பித் தட்டை வைத்து, மூடியின் மீதும் தணலிட்டு வேகவைத்த நன்னிமார் உண்டு.

இன்று அதே இல்லங்களில் புதியதொரு கேள்வி எழுந்துள்ளது. படிப்பின் பொருட்டோ பணியின் பொருட்டோ வெளியூர் சென்று திரும்பும் பிள்ளைகளுள் சிலர், இறைச்சியோடு பால், நெய், முட்டை, தேன் ஆகியவற்றையும் தொடுவதில்லை என்கின்றனர். ‘வீகன்’ என்னும் இதற்குரிய சொல் 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் முதலியோரால் ஆக்கப்பட்டது. தமிழில் ‘நனிசைவம்’ என்றும் வழங்குகின்றனர். நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2022இல் இவ்வகை உணவுக்கெனத் தனி விதிகளே வகுத்துவிட்டது. பேரப்பிள்ளைக்காக நெய்யை நீக்கிச் செய்தால், அது நன்னி செய்த பண்டம் ஆகுமா என்று தாய்மார் மனம் குழம்புவது இயல்பே. ஆனால் இப்பண்டத்தின் வரலாற்றைப் பார்த்தால், நீக்கலும் சேர்த்தலும் அதன் பிறப்பிலேயே இருக்கக் காண்கிறோம்.

நான்கத்தாயின் பிறப்பைச் சூரத் நகரோடு இணைத்துச் சொல்வர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பண்டசாலை அமைத்த டச்சுக்காரர், 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி 1825இல் அதை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்து வெளியேறினர். அவர்களுக்கு ரொட்டி சுட்ட அடுப்பு பராம்ஜி பெஸ்டன்ஜி டோட்டிவாலா என்னும் பார்சியின் கைக்கு வந்தது என்பர். கள் சேர்த்துப் புளிக்க வைத்த ரொட்டியையும் முட்டை கலந்த பண்டத்தையும் ஊரார் வாங்க மறுத்தனர். எனவே கள்ளும் முட்டையும் நீங்கின. மாவும் சர்க்கரையும் நெய்யும் நின்றன. சூரத்தில் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி இது. வாங்குவோர் மனம் நோகாதிருக்க ஒரு வணிகர் செய்த மாற்றமே நாம் மரபு என்று போற்றும் பண்டம் என்றாகிறது.

ஈண்டு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கள் தாவரத்திலிருந்து வருவது. வீகன் கணக்கில் அதற்குத் தடையில்லை. நமக்கோ கள் ஹராம், நெய் ஹலால். ஆகவே வீகன் முத்திரை வேறு, ஹலால் வேறு. சாராயத்தில் ஊறவைத்து எடுத்த வெனிலா எசன்ஸ் போன்றவற்றைக் கருதி, கடையில் வாங்குவோர் இரண்டையும் தனித்தனியே பார்த்துக்கொள்வது நலம்.

சூரத்துக்கு நெடுங்காலம் முன்னரே, நெய்யும் முட்டையும் இல்லாத ஒரு பலகாரத்தை நம் முன்னோர் உலகம் அறிந்திருந்தது. 1226இல் பக்தாதில் முஹம்மது இப்னு அல்-ஹசன் அல்-பக்தாதி ‘கிதாபுத் தபீக்’ என்னும் சமையல் நூலைத் தொகுத்தார். மங்கோலியர் அந்நகரை அழித்ததற்கு 32 ஆண்டுகள் முந்திய நூல் அது. பிற்காலத்தில் திருக்குர்ஆனை ஆங்கிலமாக்கிய ஆர்பெரி, இந்நூலையும் 1939இல் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அது ஹைதராபாத்தின் ‘இஸ்லாமிக் கல்ச்சர்’ இதழில் வெளிவந்தது. அதில் ‘குஷ்கனானஜ்’ என்றொரு பலகாரம் உண்டு. பாரசீகத்தில் குஷ்க் என்றால் உலர்ந்தது, நான் என்றால் ரொட்டி. ஒரு ராத்தல் வெள்ளை மாவுக்கு மூன்று ஊக்கியா, அஃதாவது எடையில் கால் பங்கு, நல்லெண்ணெய் விட்டுக் கெட்டியாகப் பிசைய வேண்டும். பொங்கியபின் நீளமாக உருட்டி, அரைத்த பாதாமும் சர்க்கரையும் பன்னீரும் உள்ளே வைத்துச் சுட வேண்டும். பாலும் இல்லை, முட்டையும் இல்லை. வறுமையால் நேர்ந்த குறையன்று இது. அப்பாசியர் தலைநகரின் செழித்த அடுக்களையில் பிறந்த பண்டம்.

எள்ளின் நெய் நமக்கு மட்டும் அயலா? எள் நெய் என்பதுதானே எண்ணெய் என்றாயிற்று! வைகைச் சமவெளியின் செக்குகளில் ஆடிய எண்ணெயும் அதுவே.

நெய்க்கு நம் வீடுகளிலேயே ஒருமுறை மாற்று வந்ததை எவரும் பெரிதாக எண்ணுவதில்லை. 1937இல் டால்டா விற்பனைக்கு வந்தது. விலை மலிவு, பலகாரம் நெய்யில் செய்தது போலவே பொரபொரவென்று வந்தது. பேக்கரிகளும் நடுத்தரக் குடும்பங்களும் அதற்கு மாறின. அன்று மரபு போயிற்று என்று யாரும் கலங்கவில்லை. அது தாவர எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றி இறுகச் செய்தது. அவ்வகை வனஸ்பதியில் உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கேடு என்பது பின்னரே தெளிவாயிற்று. எண்ணெய், கொழுப்பு வகைகளில் அதன் அளவு 2 விழுக்காட்டுக்கு மிகலாகாது என 2022 ஜனவரி முதல் இந்தியாவில் விதி உள்ளது. நெய்யை விடுவோர் பழைய பழக்கத்தில் வனஸ்பதியை நாட வேண்டா.

தேங்காயெண்ணெய் இதற்கு மிகவும் ஏற்றது. ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே அது உறையும். மதுரை வெயிலில் தானாக உறைய வழியில்லை. குளிர்பெட்டியில் வைத்து, உறைந்த நெய்யின் பதம் வந்ததும் பொடித்த சர்க்கரையோடு நுரைக்கத் தேய்க்க வேண்டும். இந்தப் பொறுமை இல்லாதவர் கைக்கு பிஸ்கட் தட்டில் பரந்து ஓடும். நெய் ஒரு கிண்ணம் என்னும் இடத்தில் எண்ணெய் முக்கால் கிண்ணத்தில் தொடங்கி, மாவு கைக்குப் பிடிபடும் வரை சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். வெண்ணெயில் நீர் உண்டு. நெய்யில் ஏறக்குறைய இல்லை. ஆதலால் நெய்க்கு எண்ணெய் மாற்றுவது வெண்ணெய்க்கு மாற்றுவதைவிட எளிது. நல்லெண்ணெயை முழுவதும் ஊற்றினால் ஏலத்தின் மணம் அடங்கிவிடும். நான்கில் ஒரு பங்கு போதும். சிறிது கடலை மாவு சேர்த்தால் மணல்போல் உதிரும் தன்மை கிட்டும். தயிர் சேர்ப்போர் சோடா உப்புக்குத் துணையாக எலுமிச்சைச் சாறு சில துளி விடலாம். நெய்யின் மணம் மட்டும் வாராது. வரும் என்று சொல்வது பொய்.

எல்லாப் பண்டத்துக்கும் இது பொருந்தாது. வட்டலப்பத்தில் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் இருந்தாலும், அதைக் கட்டி நிறுத்துவது முட்டையே. முட்டையை எடுத்தால் வேறு பண்டம் ஆகிவிடும். அதை அப்படியே விட்டுவிட்டு, கீழக்கரைத் தொதலைச் செய்து வைக்கலாம். மலாய்த் தீவுகளில் டோடோல் எனப்படும் அப்பண்டத்துக்கு அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி போதும். கிண்டி இறக்கும்போது நெய் விடும் வீடுகளில் அந்த ஒரு கரண்டியை மட்டும் நிறுத்திக்கொள்ள வேண்டும்.