வேலைக்குப் போகிறவர்கள் உண்டாக்கிய பந்தயம்

3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். முழுத் தூர ட்ரையத்லானின் இந்த மூன்று அளவுகளைக் கேட்பவர்கள், ஏதோ உடலியல் ஆய்வுக்கூடத்தில் நிர்ணயித்த கணக்கு என்றே நினைக்கிறார்கள். நான் கூட்டுறவு வங்கியில் கணக்குப் பார்ப்பவன். ஓர் எண்ணைக் கண்டால் அது எங்கிருந்து வந்தது என்று தோண்டாமல் விடமாட்டேன். நாற்பது வயதுக்குமேல் நீச்சல் கற்று, என் முதல் முழுத் தூரப் போட்டிக்குத் தயாராகும் இந்நாளில் இந்த எண்களையும் தோண்டினேன்.

ஹவாயின் ஓவாஹு தீவில் மூன்று நிகழ்வுகள் ஏற்கெனவே தனித்தனியே நடந்துகொண்டிருந்தன. வைக்கீக்கி கடற்கரையில் 2.4 மைல் நீச்சல். தீவைச் சுற்றி 115 மைல் சைக்கிள். அதை இரண்டு நாளில் ஓட்டுவார்கள். மூன்றாவது, ஹொனலுலு மாரத்தான். 1977-ல் ஒரு பரிசளிப்பு விழாவில், ஓடுபவரா நீந்துபவரா, யாருக்கு உடல்திறன் அதிகம் என்று வாக்குவாதம் எழுந்தது. அங்கிருந்த அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ், உலகிலேயே ஆக்சிஜனை அதிகம் உள்வாங்கும் உடல் சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸுடையது என்று படித்திருந்தார். ‘மூன்றையும் ஒரே நாளில் சேர்த்து நடத்திப் பார்த்துவிடலாமே’ என்றார். நீச்சல் முடியும் இடத்தில் சைக்கிளைத் தொடங்கி, மாரத்தான் அப்போது தொடங்கிய அலோஹா கோபுரத்தில் கொண்டுபோய் நிறுத்த, சுற்றுவழியில் மூன்று மைலைக் குறைத்தால் போதும் என்று கண்டார். உலகமெங்கும் இன்று ஓட்டப்படும் 112 மைலுக்கு, அதாவது அந்த 180 கிலோமீட்டருக்கு, அவ்வளவுதான் காரணம்.

ஜானுக்கும் அவர் மனைவி ஜூடிக்கும் இது முற்றிலும் புதிய விளையாட்டு அல்ல. 1974 செப்டம்பரில் கலிபோர்னியாவின் சான் டியாகோவில், மிஷன் விரிகுடா ஓரமாக நடந்த ட்ரையத்லானில் இருவரும் கலந்துகொண்டிருந்தார்கள். அது குறுந்தூரப் போட்டி. ஓட்டம் முதலில் வந்தது, நீச்சல் கடைசியில்.

1978 பிப்ரவரி 18 அன்று வைக்கீக்கியில் 15 பேர் கடலில் இறங்கினார்கள், 12 பேர் முடித்தார்கள். தண்ணீர், உணவு, உதவியாள் எல்லாம் அவரவர் பொறுப்பு. முதலில் வந்தவர் கார்டன் ஹாலர். டாக்சி ஓட்டிப் பிழைத்த அவருக்கு ஆன நேரம் 11 மணி 46 நிமிடம் 58 விநாடி. மாரத்தானில் அவருக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்த ஜான் டன்பாரின் உதவியாளர்களிடம் தண்ணீர் தீர்ந்துபோக, அவர்கள் பீரை நீட்டினார்கள். டன்பார் தள்ளாடி இரண்டாவதாக வந்தார். பந்தயத்தை உண்டாக்கிய காலின்ஸ் வழியில் நின்று சாப்பிட்டுவிட்டு வந்தார். அவருக்கு 17 மணி நேரம் ஆயிற்று.

அடுத்த ஆண்டு வென்ற டாம் வாரன் சான் டியாகோவில் மதுக்கடை நடத்தியவர். அதே ஆண்டில் லின் லெமேர் இதை முடித்த முதல் பெண் ஆனார். ஒட்டுமொத்த வரிசையில் ஐந்தாவது இடம். கோல்ஃப் போட்டி பற்றி எழுத ஹவாய் வந்திருந்த பேரி மெக்டெர்மாட் இந்தக் கூத்தைப் பார்த்து ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். அதற்குப்பின் பங்கேற்க விரும்புவோர் பெருகினார்கள். 1980-ல் ஏபிசி தொலைக்காட்சி படம்பிடித்தது. 1981-ல் போட்டி, நகர நெரிசலை விட்டு, எரிமலைக் குழம்பு உறைந்து கிடக்கும் கோனா பகுதிக்கு மாறியது.

1982 பிப்ரவரியில் ஜூலி மாஸ் என்ற கல்லூரி மாணவி, தன் பட்ட ஆய்வுக்காகக் கோனாவில் கலந்துகொண்டார். பெண்களில் முன்னணியில் இருந்தவர், எல்லைக்கோட்டுக்குச் சற்று முன்னே கால்கள் கைவிட விழுந்தார். கேத்லீன் மெக்கார்ட்னி அவரைக் கடந்து வென்றார். மாஸ் தவழ்ந்தே கோட்டைத் தொட்டார். வித்தியாசம் 29 விநாடி. தொலைக்காட்சியில் அதைக் கண்ட எத்தனையோ பேர் வென்றவரை மறந்தார்கள், தவழ்ந்தவரை மறக்கவில்லை. முடிப்பதே பெரிது என்ற எண்ணம் இந்த விளையாட்டில் வேரூன்றியதில் அந்தக் காட்சிக்குப் பெரும் பங்குண்டு.

இன்று பரிசுப்பணத்துக்காக ஓடும் தொழில்முறை வீரர்கள் எட்டு மணி நேரத்தையொட்டி முடிக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் என் அலுவலக நண்பர்கள் “சார், இது நமக்கு எதுக்கு?” என்கிறார்கள். கோனாவின் நேரக்கெடு 17 மணி. அந்தக் கெடுவின் விளிம்பில் வருகிறவர்களில்தான் என் முன்னோடிகள் இருக்கிறார்கள். கன்னியாஸ்திரி மடோனா பூடர் 48 வயதில் ஓடத் தொடங்கி, 55-ல் முதல் முழுத் தூரப் போட்டியை முடித்தார். 2012-ல், 82 வயதில், கனடாவில் 16 மணி 32 நிமிடத்தில் மீண்டும் முடித்தார்.

எனக்கு நீச்சல்தான் மலை. குளத்தில் அடியில் தெரியும் கோட்டைப் பிடித்துக்கொண்டு நேராகப் போய்விடலாம். கோவளம் கடலில் கோடு கிடையாது. தலையைத் தூக்கித் திசை பார்க்கவும் மூச்சுக்குத் தவிக்காமலிருக்கவும் தனியாகப் பழகவேண்டியிருக்கிறது. சனி ஞாயிறு விடியலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் பக்கம் சைக்கிள், வேலைநாளில் வங்கி திறக்குமுன் ஓட்டம். மார்ச் மாதக் கணக்கு முடிப்பு வந்தால் எல்லாம் கொஞ்சம் தடைப்படும். சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவனின் பயிற்சி அப்படித்தான் இருக்கும்.

ஆகவே ஆசை இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். காலின்ஸ் புதிதாக எதையும் கட்டவில்லை. தன் ஊரில் இருந்ததைச் சேர்த்தார். நீங்களும் உங்கள் ஊரில் நடக்கும் ஓட்டத்திலோ சைக்கிள் பயணத்திலோ தொடங்குங்கள். லட்ச ரூபாய் சைக்கிளுக்குமுன் நல்ல நீச்சல் ஆசிரியரைத் தேடுங்கள். அரைத் தூரப் போட்டி 2019-லேயே கோவாவுக்கு வந்துவிட்டது. முதலில் அதை முடியுங்கள். முழுத் தூரத்துக்குச் சில ஆண்டுகள் ஆனாலும் தாமதமில்லை.